எலும்பு சேர்ந்த பிறகு

நைனா,

நீ கிளம்பிப் போன பிறகு உன் அறையைப் பெருக்கினேன், போர்வையைத் துவைத்து மடித்து வைத்தேன், வேலைக்குப் போனேன், வந்தேன். எதிலும் தடங்கல் இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்னிடம் தணிந்த குரலில் பேசுகிறார்கள், துக்க வீட்டுக்காரியிடம் பேசுவதுபோல. "மனச விட்றாதீங்கக்கா" என்கிறாள் ரிசப்ஷனில் இருக்கிற பெண். நான் தலையாட்டுகிறேன். உண்மையில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, அப்படி இருக்கிறது. அன்றைக்குத் திருப்புட்குழியிலிருந்து திரும்பும்போது காரில் நீ ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை. பேச எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரமாகும், எழுதினால்தான் வரிசையாக வரும். அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு, உன்னோடு ஆடுகிற பிள்ளைகளுக்குக் காட்டத் தோன்றினால் காட்டு. நான் உன்னை நைனா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

முதலில் நீ போன் செய்த நாளைச் சொல்கிறேன். எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரை மேஜையில் படுக்க வைத்திருந்தேன். இடுப்பு வலி. வேலை நேரத்தில் நீ கூப்பிட மாட்டாய் என்பதால் எடுத்தேன். "அம்மா, ஸ்கேன் நல்லா வந்துச்சு. விலா எலும்பு சேந்துடுச்சாம், முதுகும் நல்லா இருக்குது. டாக்டர் ஃபிட்டுன்னுட்டாரு" என்றாய். நான் சந்தோஷப்படுவதற்குள் அதே மூச்சில், "டெஸ்ட் மேட்ச் இனிமே ஆடலைம்மா. சாயங்காலம் சொல்லப்போறேன். மொதல்ல உனக்குச் சொல்லலாம்னு" என்றாய். "சரிப்பா. சாப்ட்டியா?" என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாய். "அப்பாகிட்ட நீயே சொல்லிடு" என்று வைத்துவிட்டு, பெரியவரிடம் "மூச்ச இழுத்துப் புடிங்க, ஆடாதீங்க" என்று சொல்லி படம் எடுத்தேன். படம் நன்றாகத்தான் வந்தது. சாயங்காலம் டிவியில் உன் அறிக்கையை வாசித்தார்கள். ஐந்து நாள் ஆட்டத்துக்கு உடம்பு ஒத்துழைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். உடம்பு ஒத்துழைக்கத் தயாராகிவிட்டது என்று மதியம் எனக்குச் சொன்ன அதே பிள்ளை. உன் அப்பா மோட்டார் ரிப்பேர் கடையிலிருந்து வந்து, காயிலில் பூசுகிற வார்னிஷ் கையோடு, உட்காராமல் நின்றபடியே முழுவதும் கேட்டார். "சரி. அவன் உடம்பு, அவன் முடிவு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

உன் பந்து வீச்சைப் பற்றி டிவியில் பேசுகிறவர்கள் எப்போதும் அந்த நேர் கோட்டைப் பாராட்டுவார்கள். எங்கே கற்றான் இந்தக் கட்டுப்பாட்டை என்பார்கள். பிள்ளையார்பாளையத்தில் நம் தெருவைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பக்கம் சாக்கடை, இன்னொரு பக்கம் தெரு நீளத்துக்குப் பட்டு நூலை இழுத்துக் கட்டிய பாவு. பாவில் பந்து பட்டால் அன்றோடு ஆட்டம் முடிந்தது. எதிர் வீட்டு நெசவுக்காரர் பந்தை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "மீ அப்பாவ வரச் சொல்லு" என்று பாதி தெலுங்கில் சொல்வார். உன் அப்பா போய் அரை மணி நேரம் உலக விஷயமெல்லாம் பேசிவிட்டுப் பந்தோடு வருவார். சாக்கடைக்கும் பாவுக்கும் நடுவில் ஓடி ஓடித்தான் நீ நேராகப் போடக் கற்றாய். அப்போதெல்லாம் நீ களைத்து நான் பார்த்ததே இல்லை. வெளிச்சம் போனால்தான் வீட்டுக்கு வருவாய். இதை ஏக்கத்தில் எழுதவில்லை. விளையாட்டு என்பது உனக்கு முதலில் என்னவாக இருந்தது என்பதை நான் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

உனக்கு முதன்முதலில் முதுகு போனபோது நீ கல்லூரியில் சேர்ந்திருந்தாய். படம் எடுத்தது நான்தான். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, உன்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இடுப்பைத் திருப்பி வைத்தேன். சின்ன வயதில் எண்ணெய் தேய்த்த முதுகு, அப்போது பலகை மாதிரி இறுகி இருந்தது. நேராக எடுத்த படத்தில் ஒன்றும் இல்லை. சாய்த்து எடுத்த படத்தில் கீழ் எலும்பில் தலைமுடி விழுந்தது மாதிரி ஒரு கோடு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீ எழுந்து உட்கார்ந்து சட்டையைப் போட்டுக்கொண்டே கேட்டாய்.

"இன்னாம்மா இருக்குது?"

"டாக்டர் சொல்வாருப்பா."

"நீதான் பாத்தியே."

"நாங்க சொல்லக் கூடாது."

"பெத்த புள்ளைக்குமா?" என்று சிரித்தாய். அப்புறம் ஒருநாள் நீயே சொன்னாய், என் முகத்தில் ஒன்றுமே இல்லாததைப் பார்த்துத்தான் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று தெரிந்துகொண்டதாக. அது என் தொழில் கொடுத்த முகம். எலும்பு முறிந்தவர்களும் முறியாதவர்களும் ஒரே மாதிரிதான் என் அறையை விட்டுப் போக வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி இருந்து இருந்து, இப்போது என் விஷயத்திலும் அந்த முகம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் நாடறியும். தொடை, தோள், மறுபடியும் முதுகு. ஆறி வருவாய், ஆடுவாய், படுப்பாய். ஆடியபோது நன்றாகத்தான் ஆடினாய். வெளிநாட்டில் அந்த டெஸ்டில் நூறு அடித்துவிட்டு, கடைசி நாளில் பந்தும் போட்டு ஜெயித்துக் கொடுத்தாயே, அன்றைக்கு உன் அப்பா கடையைப் பூட்டிவிட்டு தன் சொந்த ஊர் முசரவாக்கத்துக்குப் போய், அண்ணன் தம்பிகளின் நிலத்துக்கெல்லாம் தண்ணீர் பாய்ச்சிவிட்டு சேறும் காலுமாக வந்தார். சந்தோஷம் வந்தால் அவருக்கு ஏதாவது வேலை செய்தாக வேண்டும். அந்தச் சேறு காய்வதற்குள் என்று சொல்லலாம், அடுத்த ஆட்டத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாய். உன்னைக் கண்ணாடிப் பொம்மை என்றார்கள். நீ மைதானத்தில் இறங்கினால் கூடவே ஆம்புலன்சும் வர வேண்டும் என்று படம் போட்டுச் சிரித்தார்கள். நான் போனில் அதையெல்லாம் பார்ப்பேன். நீ பார்க்காதே என்று உனக்குச் சொல்லிவிட்டு நான் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் ஆறு மாதம், எட்டு மாதம் என்று எங்கேயோ ஒரு ஊரில் தனியாக ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு கிடந்தாய். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

கடைசி டெஸ்ட் சென்னையில் நடந்தது. அது கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது. உன் அப்பா வர மாட்டார், நேரில் பார்த்தால் உனக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை. நான்தான் பிடிவாதமாகக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் மதியம், வெயிலில் நீ ஓடி வந்தாய். நான் உன்னைப் பார்க்கும்போது பந்தைப் பார்ப்பதில்லை. உன் முன்கால் தரையில் விழுகிற இடத்தைத்தான் பார்ப்பேன். ஒவ்வொரு முறை அது விழும்போதும் முந்தானையை இறுகப் பிடித்துக்கொள்வேன். முதல் ஆட்டத்திலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு அந்தக் கால் விழுந்தது, பந்தும் போனது, ஆனால் நீ நிமிரவில்லை. கை முதுகுக்குப் போகவில்லை, விலாவுக்குப் போனது. கேப்டன் வந்து தோளைத் தொட்டார். நீ தலையை ஆட்டிவிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டு படி ஏறினாய். கூட்டத்தில் ஒரு சலிப்புச் சத்தம் எழுந்தது. கைதட்டலா திட்டா என்று தெரியாத சத்தம். பின்வரிசையில் ஒருத்தர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"இவனுக்கு எதுக்குப்பா டெஸ்ட்டு? வருவான், ரெண்டு ஓவர் போடுவான், படுத்துக்குவான். வேற ஒருத்தனுக்கு எடம் போவுது."

உன் அப்பா திரும்பினார். சண்டை போடப்போகிறார் என்று நான் அவர் கையைப் பிடித்தேன். அவர் மெதுவாக, "அவன் எங்க புள்ளபா" என்றார்.

அந்த மனுஷன் எழுந்து எங்கள் பக்கம் குனிந்தார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க சார். நூறு அடிச்சான்ல, அன்னிக்கு நானும்தான் டான்ஸ் ஆடினேன். ஆசப்பட்டுதான் திட்றேன்" என்றார். கையில் இருந்த வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார். உன் அப்பா வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் அதைத் தின்றுகொண்டு மிச்ச ஆட்டத்தைப் பார்த்தோம்.

ஐந்தாம் நாளும் நாங்கள் மூன்று பேரும் அதே நாற்காலிகளில் இருந்தோம். ஒன்பது பேர் அவுட்டான பிறகு விலாவில் கட்டோடு நீ பேட்டை எடுத்துக்கொண்டு இறங்கினாய். ஓட முடியாது, ஓட ஆள் வைக்கவும் விதி இல்லை. பந்து பேட்டில் படுகிற ஒவ்வொரு முறையும் குனிந்து நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். டிரா ஆகிவிடும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கிய நேரத்தில் எதிர்முனையில் இருந்த பையன் அவுட் ஆனான். தோற்றோம். நீ அவன் தலையில் தட்டிக்கொடுத்தபடி நடந்து போனாய். அப்போது கூட்டம் எழுந்து நின்று தட்டியது. பின்வரிசைக்காரரும் தட்டினார். நான் தட்டவில்லை. கைகள் மடியில் கிடந்தன.

ஒரு மாதம் கழித்து நீ போன் செய்தாய். மறுவாரம் வீட்டுக்கு வந்தாய். இரண்டு நாள் தூங்கினாய். வருகிறவர்களுக்கெல்லாம் நான் டீ போட்டுக் கொடுத்து, தூங்கறான் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் நீயாகவே, "எங்கனா வெளிய போலாம்மா" என்றாய். திருப்புட்குழிக்குப் போனோம். நீ பிறப்பதற்கு முன்னால், மடியில் கட்டிய வறுத்த பயறு முளைத்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பி நான் படுத்துக் கிடந்த கோயில். அது முளைத்ததா என்று நீ சின்ன வயதில் கேட்டுக்கொண்டே இருப்பாய், முளைக்காமலா நீ வந்தே என்பேன். அன்றைக்குக் கோயிலில் இரண்டு பேரும் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். அர்ச்சகர் மட்டும் உன்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். திரும்பும்போது நீதான் ஓட்டினாய். ஊர் எல்லையைத் தாண்டியதும் நான் கேட்டேன்.

"எலும்புதான் சேந்துடுச்சேப்பா. அப்புறம் ஏன்?"

நீ சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். "அன்னிக்கு ஓடி வரசொல்ல விலால பட்டுனு ஒண்ணு கேட்டுச்சும்மா. வலி அப்புறம்தான் வந்துது. அதுக்கு முன்னாடி இன்னொண்ணு வந்துது. அப்பாடான்னு. நாளைக்குப் போட வேணாம்னு."

நீ கியரை மாற்றினாய்.

"ரெண்டாவது வாட்டி முதுகு போச்சே, அப்பவும் அப்படிதான். யார்கிட்டயும் சொல்லல. இப்ப டாக்டர் வந்து ஸ்கேன் நல்லா இருக்குதுன்னு கை குடுக்கறாரு, எனக்கு ஐயையோன்னு இருக்குது. எலும்பு சேந்துச்சேன்னு பயந்தவன் நான் ஒருத்தனாதான் இருப்பேன். டி20ல நாலு ஓவர்னா இன்னும் ஆசையாதான் இருக்குது. அஞ்சு நாளுன்னு நெனச்சாலே ஒண்ணும் இல்லம்மா உள்ள. காலியா இருக்குது. உடம்பு மேல பழி போட்டுட்டு வந்துட்டேன்." கொஞ்ச தூரம் போன பிறகு கேட்டாய், "கோழைதானம்மா நானு?"

இதற்குத்தான் நான் பதில் சொல்லவில்லை. முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் போய்க்கொண்டிருந்தது. நீ அதை முந்தாமல் பின்னாலேயே மெதுவாக ஓட்டினாய். வீடு வந்துவிட்டது.

இப்போது சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் மணிக்கட்டு உடைந்து என் அறைக்கு வந்தாள். கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு வந்தவள். பெரிய குடும்பம், வெளியே மாமியாரும் நாத்தனாரும் உட்கார்ந்திருந்தார்கள். படம் எடுத்து முடித்ததும், "எவ்ளோ நாளைக்குக்கா கட்டு போடுவாங்க?" என்று கேட்டாள். டாக்டர்தான் சொல்வார், எப்படியும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்றேன். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. சட்டென்று அதை மறைத்துக்கொண்டு அழுவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போனாள். அப்புறம் கவனிக்கத் தொடங்கினேன். லாரி டிரைவர்களிடம் பார்த்திருக்கிறேன், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், ஒருமுறை ஒரு போலீஸ்காரரிடம் பார்த்தேன். அவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. போதும் என்று சொல்ல அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. எலும்பு உடைந்து வந்து அதைச் சொல்ல வேண்டியிருந்தது. உன் முகத்திலும் அது இருந்திருக்கும். உன்னை நான் டிவியிலும் தூரத்து நாற்காலியிலிருந்தும்தான் பார்த்தேன், அதனால் தெரியவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அன்றைக்கு நீ விலாவைப் பிடித்துக்கொண்டு படி ஏறியபோது, பின்வரிசைக்காரர் பேசுவதற்கு முன்னால், உன் அப்பா திரும்புவதற்கு முன்னால், முந்தானையைப் பிடித்திருந்த என் கை தானாக விட்டுவிட்டது. இனி இன்றைக்கு அவனுக்கு எதுவும் ஆகாது என்று நினைத்தேன். அடிபட்ட பிள்ளையைப் பார்த்து ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. காரில் நீ சொன்னபோதுதான் தெரிந்தது, அதே நிமிஷத்தில் நீ கீழே புல்லில் நின்று அப்பாடா என்றிருக்கிறாய், நான் மேலே நாற்காலியில் அப்பாடா என்றிருக்கிறேன். நீ கோழை என்றால் நானும்தான். ஆனால் நாம் இரண்டு பேரும் கோழை இல்லை, நைனா. பல வருஷமாக மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

அதனால் உனக்குச் சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. இனி ஆடப்போகிற ஆட்டத்திலும் ஒருநாள் இதேபோல் உள்ளே காலியாகும். அப்போது ஓய்வு வேண்டும் என்று வாயைத் திறந்து கேள். அதற்காக ஒரு எலும்பு உடைய வேண்டியதில்லை. கேட்டால் இடம் போய்விடும் என்பாய். போகட்டும், உடைந்தபோதும் போகத்தானே செய்தது. உடம்பின் மேல் பழி போட்டதற்காக உன்னை நீ தண்டித்துக்கொள்ளாதே. அறிக்கையில் எழுத வேறு வார்த்தை உனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. நாங்களும் கற்றுக்கொடுக்கவில்லை. நம் வீட்டில் யாரும் போதும் என்று சொல்லி நான் கேட்டதில்லை, நீதான் முதலில் சொல்லியிருக்கிறாய். உன் அப்பாவுக்கு இது புரிய நாளாகும். அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றால் நீ வந்து சொல்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. உன் அப்பா காலையிலேயே டிவியைப் போட்டு உட்கார்ந்தார். எங்கேயோ இரண்டு வெளிநாட்டு அணிகள் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தன. நம் அணி இல்லாத ஆட்டத்தை அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. நான் கீரை ஆய்ந்துகொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். உயரமான ஒரு பையன் ஓடி வந்து ஓடி வந்து போட்டான். பெயர் தெரியாது, மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. முன்கால் விழுவதைப் பார்த்தேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பந்து எங்கே போகிறது என்று பார்த்தேன். அது காற்றில் கொஞ்சம் வளைந்து போவது எவ்வளவு அழகாக இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் நேற்றுத்தான் கவனித்தேன். உணவு இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அந்தப் பையன் பந்தைப் போட்டுவிட்டு, கால் வழுக்கி, முழு நீளத்துக்குக் கீழே விழுந்தான். தட்டு மடியிலிருந்து சரிந்து கீரையெல்லாம் தரையில் கொட்டியது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

உன் அப்பா என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். "உக்காரும்மா. எழுந்துட்டான் பாரு" என்றார்.

எழுந்துவிட்டான். முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு, தான் ஓடத் தொடங்குகிற இடத்துக்கு நடந்து போனான். நான் அவன் அங்கே போய்ச் சேரும்வரை நின்றேன். கீரையைப் பொறுக்கக் குனிந்தபோது கண்ணீர் வந்து மறைத்தது. உன் அப்பா கீழே இறங்கி உட்கார்ந்து, ஒவ்வொரு காம்பாக எடுத்துத் தட்டில் போட்டார்.

அம்மா